எல்லைச் சாவடிக்கு ஸ்கேனர் வாங்கும் வேலை: போலந்தில் நான் கற்றவை

லாரியில் ஏற்றிய சரக்கை இறக்காமலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பெரிய ஸ்கேனர்களை எல்லைச் சாவடிகளில் நிறுவுவதும், பழுதானால் சரி செய்வதும் என் தொழில். போலந்தின் கிழக்கு ஓரம்தான் என் வேலைக்களம். ஒரு பக்கம் பெலாரஸ், கீழே உக்ரைன், வடக்கே ரஷ்யாவின் கலினின்கிராட். இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் ஆளாகப் போனாலும், வருஷக் கணக்கில் சுங்க அதிகாரிகளோடு ஒரே கூடாரத்தில் நின்று வேலை பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஸ்கேனர் வாங்கப் பணம் கிடைப்பது பாதி வேலைகூட இல்லை. அந்தப் பணம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று முதல் நாளே தெரிந்துகொண்ட சாவடிகளில் ஸ்கேனர் ஓடுகிறது. தெரிந்துகொள்ளாத இடங்களில் அது நிற்கிறது. அரசு டெண்டர், உபகரணக் கொள்முதல், பராமரிப்பு என்று இதைப் போன்ற வேலையில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால், கண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இந்தப் பணம் ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகள் 1968 ஜூலை முதல் ஒரே சுங்க ஒன்றியம். உள்நாட்டு எல்லைகளில் சுங்கச் சோதனை கிடையாது. பெலாரஸிலிருந்து வரும் ஒரு லாரிக்குப் போலந்தில் சுங்க அனுமதி கொடுத்துவிட்டால், அதன் சரக்கு அப்படியே லிஸ்பன்வரை போகலாம், வழியில் எந்தச் சுங்க அதிகாரியும் நிறுத்தப் போவதில்லை. அப்படியானால் அந்த ஒரு சாவடியில் நிற்கும் அதிகாரி 27 நாடுகளுக்கும் சேர்த்துத்தான் வேலை பார்க்கிறார். வசூலாகும் சுங்க வரியும் பெரும்பாலும் பொதுப் பணம். வசூலித்த நாடு 25 சதவீதத்தைச் செலவுக்கென வைத்துக்கொள்ளலாம், மீதி ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்குக்குப் போகும்.

இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. ரோட்டர்டாம், ஆண்ட்வெர்ப் போன்ற பெரிய துறைமுகங்களில் வசூல் கொட்டும், அந்த 25 சதவீதமே பெரிய தொகை. காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு கிழக்கு எல்லைச் சாவடியில் வசூல் குறைவு. ஆனால் அங்கேதான் சிகரெட் கடத்தல் அதிகம், ஏனென்றால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலை வித்தியாசம் அவ்வளவு. வருமானம் குறைந்த சாவடிக்கு ஸ்கேனர் வாங்க அந்த நாட்டின் நிதி அமைச்சகம் எப்போதுமே யோசிக்கும். அது வாங்காமல் விட்டால் நஷ்டம் எல்லோருக்கும். கடத்தல்காரர் பலவீனமான கதவைத் தேடித்தான் வருவார், அந்தக் கதவு எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை. அதனால் பொது எல்லைக்குப் பொதுப் பணம் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. தேவையைப் பார்க்க இன்னும் அதிகமாகக்கூட இருக்கலாம்.

2014 முதல் 2020 வரை, மோசடித் தடுப்புக்கென இருந்த ‘ஹெர்குலே’ திட்டத்தின் கீழ்தான் இப்படிப்பட்ட கருவிகளுக்கு உதவி கிடைத்துவந்தது. ஏழு வருஷத்துக்கு மொத்தமே ஏறத்தாழ 10.5 கோடி யூரோ, அதிலும் கருவிகள் ஒரு பகுதி மட்டும். 2021 ஜூனில் சுங்கச் சோதனைக் கருவிகளுக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. 2021 முதல் 2027 வரை 100 கோடி யூரோவுக்குச் சற்று மேல். எல்லைக் காவலுக்கும் விசாவுக்குமான நிதி ஒன்று இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டும் ஒரே குடையின் கீழ் வருபவை. எல்லைக் காவல் நிதி இதைப்போல் ஆறு மடங்கு. ஆனால் அதன் நோக்கம் ஆட்கள், இதன் நோக்கம் சரக்கு. சுங்கக் கருவி நிதியை ஐரோப்பிய ஆணையமே நேரடியாக நிர்வகிக்கிறது. தகுதியுள்ள செலவில் 80 சதவீதம் வரை கொடுக்கும், தக்க காரணம் இருந்தால் அதற்கு மேலும். மீதியை நாடு போட வேண்டும்.

‘தகுதியுள்ள செலவு’ என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். கருவியை வாங்குவதும், பராமரிப்பதும், மேம்படுத்துவதும் இதில் சேரும். நிலம் வாங்கினால் சேராது. கட்டடம், வெளி வளாகம் போன்ற கட்டுமானம் சேராது. ஒப்பந்தத்திலேயே அடங்கிய ஆரம்பப் பயிற்சி சேரும், பிறகு தரும் பயிற்சி சேராது. வண்டி வாகனம் சேராது, தீர்ந்துபோகும் பொருட்கள் சேராது, அளவுத்திருத்தத்துக்கான மாதிரிப் பொருட்களும் சேராது. அதிகாரிகளின் பாதுகாப்பு உடைகளும் இல்லை. இதைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். களத்தில் நின்று பார்த்தால்தான் கனம் புரியும்.

ஒரு சாவடியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஸ்கேனருக்கான ஒப்பந்தம் நல்லபடியாக முடிந்தது. அதைத் தாங்கும் கான்கிரீட் தளம், தனி மின் இணைப்பு, லாரி உள்ளே வந்து வெளியே போகும் வழி, கதிர்வீச்சு வெளியேறாமல் தடுக்கும் சுவர், இதெல்லாம் கட்டுமானம். அதற்கு நாட்டின் சொந்தப் பணம், தனி டெண்டர், வேறொரு பிரிவின் கையெழுத்து. அந்த டெண்டரில் முதல் தடவை யாரும் தகுதி பெறவில்லை. மறு டெண்டர் முடிவதற்குள் நவம்பர் வந்துவிட்டது. இங்கே நவம்பருக்கு மேல் மண் உறைய ஆரம்பிக்கும், தளம் போடுவது வசந்தத்துக்குத் தள்ளிப்போகும். இயந்திரமோ ஒப்பந்தத் தேதிப்படி வந்து இறங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நின்றது. டிடெக்டர் பெட்டிகளுக்குள் ஈரம் சேராமல் இருக்கச் சின்ன ஹீட்டர் வைத்து, வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதைவிடப் பெரிய வலி வேறு. அந்த ஒப்பந்தத்தில் வாரன்ட்டிக் காலம் இயந்திரம் வந்து சேர்ந்த தேதியிலிருந்து தொடங்குவதாக எழுதியிருந்தார்கள். ஒரு லாரியைக்கூடப் பார்க்காமல் வாரன்ட்டியில் பல மாதம் கரைந்தது.

அதிலிருந்து நான் எந்தச் சாவடிக்குப் போனாலும் முதலில் சொல்வது இதைத்தான்: வாரன்ட்டி, தளத்தில் நடக்கும் ஏற்புச் சோதனையில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் ஓட வேண்டும். தொழிற்சாலைச் சோதனை வேறு, தளச் சோதனை வேறு. இயந்திரம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்புவதையே ‘தளம் தயார்’ என்ற எழுத்துபூர்வ உறுதியோடு கட்டிப்போட வேண்டும். விற்பவர் தரப்பு இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்பார்கள். சம்மதிக்கும். தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும் இயந்திரத்தால் எங்களுக்கும் லாபமில்லை.

இன்னொன்று, வேலையைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கதிர்வீச்சுக் கருவியை இயக்கப் போலந்தில் தேசிய அணுசக்தி முகமையின் அனுமதி வேண்டும். அதற்குத் தளத்தின் வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு எந்த வகை ஸ்கேனர் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் பீமின் (எக்ஸ்ரே கற்றையின்) சக்தியைப் பொறுத்துத்தான் ஆள் நடமாட்டம் கூடாத பரப்பு மாறும். டெண்டர் முடியாமல் ஸ்கேனர் எதுவென்று தெரியாது, தெரியும்வரை சுவர் போட முடியாது என்று இது ஒரு வட்டமாகச் சுற்றும். அதை உடைத்த ஒரு அதிகாரியைப் பார்த்திருக்கிறேன். சந்தையில் கிடைக்கும் இயந்திரங்களில் எதற்கு அதிகப் பரப்பு வேண்டுமோ, அதை வைத்துத் தளத்தை வடிவமைத்துவிட்டார். கான்கிரீட் செலவு கொஞ்சம் கூடியது. ஆனால் அந்தச் சாவடியில் இயந்திரம் வந்ததும் வேலை தொடங்கிவிட்டது.

அப்புறம், எப்படிப்பட்ட இயந்திரம் வேண்டும் என்று டெண்டரில் எழுதும் விவரக்குறிப்பு. ஒன்றியத்தின் பொதுக் கொள்முதல் விதிப்படி (2014-ஆம் ஆண்டு உத்தரவு) ஒரு கம்பெனியின் மாடலைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. வேறு வழியில்லாமல் கேட்டாலும் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்க்க வேண்டும். ஆனால் வேறு வேலை செய்யும் அதிகாரி ஒருவர் ஏதோ ஒரு விளம்பரக் கையேட்டிலிருந்து எண்களை எடுத்துப் போட்டால், பெயர் இல்லாமலேயே ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிற குறிப்பாகிவிடும். தோற்ற கம்பெனி முறையீடு செய்யும், பல மாதம் போகும். நல்ல குறிப்பு எந்த இயந்திரம் என்று கேட்காது, என்ன வேலை நடக்க வேண்டும் என்று கேட்கும். இத்தனை செ.மீ. எஃகுக்குப் பின்னால் இருப்பது தெரிய வேண்டும் (6 மெகா எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள பீம் ஓடும் ஸ்கேனரில் ஏறத்தாழ 30 செ.மீ. எதிர்பார்க்கலாம்), இத்தனை மெல்லிய கம்பி படத்தில் தெரிய வேண்டும், மணிக்கு இத்தனை லாரி போக வேண்டும் என்று.

இந்த மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் எல்லா இயந்திரமும் தேறிவிடும். மெதுவாக ஓட்டினால் எஃகு ஊடுருவும், வேகமாக ஓட்டினால் எண்ணிக்கை வரும். எந்த வேகத்தில் மணிக்கு இத்தனை லாரி என்பதை நிரூபித்தார்களோ அதே வேகத்தில் ஊடுருவலையும் கம்பியையும் காட்டச் சொல்லுங்கள். சோதனை முறைக்கு ஐஇசி 62523 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது, அதைக் குறிப்பில் சேர்த்தால் பிறகு வாக்குவாதம் வராது. படங்களைச் சேமிக்க உலகச் சுங்க அமைப்பின் பொதுக் கோப்பு வடிவத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு சாவடியின் படத்தை இன்னொரு சாவடியின் கணினியில் திறக்க முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வடிவத்தில்தான் சேமிக்கும், என் கம்பெனி உட்பட.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நிதியில் எனக்கு மிகவும் பிடித்தது, பராமரிப்பையும் அது ஏற்றுக்கொள்வதுதான். பல திட்டங்களில் வாங்குவதற்கு மட்டும்தான் பணம் இருக்கும். ஸ்கேனரில் எக்ஸ்ரே உண்டாக்கும் முடுக்கியின் இதயம் மேக்னட்ரான். அது பீம் ஓடும் மணிநேரத்தைப் பொறுத்துத் தேய்ந்துபோகும் பாகம், லாரிக்கு டயர் மாதிரி. நன்றாக ஓடுகிற சாவடியில்தான் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். அதை ‘பழுது’ என்று எழுதுவதா, ‘தீர்ந்துபோகும் பொருள்’ என்று எழுதுவதா? நிதியின் விதிப்படி இரண்டாவது வகைக்குப் பணம் வராது. ஆகவே ஒப்பந்தத்தில் பராமரிப்புச் சேவையின் உள்ளேயே மேக்னட்ரான் மாற்றுவதைப் பெயர் சொல்லிச் சேர்த்து, மொத்த விலைக்குள் வைத்துவிட வேண்டும். தனியாக விட்டால், ஐந்தாவது வருஷம் பணம் யார் தருவது என்ற கடிதப் போக்குவரத்தில் இயந்திரம் படுத்துவிடும்.

‘95 சதவீத நேரம் இயங்க வேண்டும்’ என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். எதை வைத்துக் கணக்கு என்பதைப் பாருங்கள். பனிப்புயல் நாள் கழியுமா? மின்சாரம் இல்லாத நேரம் கழியுமா? ‘24 மணி நேரத்தில் பொறியாளர் வருவார்’ என்பதற்கும் ‘24 மணி நேரத்தில் இயங்கும்’ என்பதற்கும் நடுவே மூன்று வாரம் இருக்கலாம், உதிரி பாகம் வேறு கண்டத்தில் இருந்தால். எந்தெந்தப் பாகம் எந்தக் கிடங்கில் இருக்க வேண்டும் என்று பட்டியல் இணைத்தவர்கள் பிழைத்தார்கள். மைனஸ் 18-இல் ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டியாகி, ஸ்கேனரின் பூம் (லாரிக்கு மேலாக நீளும் கை) அரை வழியில் நின்ற ஒரு அதிகாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கே குளிர்கால எண்ணெய் சாவடிக் கிடங்கிலேயே இருந்ததால், மதியத்துக்குள் லாரிகள் நகர்ந்தன. இரவெல்லாம் வரிசையில் காத்திருந்த ஓட்டுநர்களுக்கு அந்த ஒரு டப்பா எண்ணெய் எவ்வளவு பெரிய உதவி!

இயந்திரத்தைவிட விலைமதிப்பு மிக்கவர்கள் படம் பார்ப்பவர்கள். ஒருமுறை மரப்பலகை ஏற்றிய லாரியின் படத்தை, பணி ஓய்வுக்கு அருகில் இருந்த ஒரு பெண் அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாப் பலகையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் திரையில் விரலை வைத்து, “இந்த அடுக்கைப் பாருங்கள். ஈர மரம் இப்படி வெளிறாது” என்றார். நடுவில் ஓர் அடுக்கு லேசாக வெளிறியிருந்தது, உள்ளே சீரான சின்னச் சின்னக் கட்டங்கள். லாரியை ஓரம் கட்டி இறக்கிப் பார்த்தபோது, குடைந்த பலகைகளுக்குள் சிகரெட் பெட்டிகள். இயந்திரம் தன் வேலையைச் செய்தது, ஆனால் கண்டுபிடித்தது அவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த அறையில் உட்கார்ந்த இளைஞருக்கு, என் கம்பெனி கொடுத்த ஆரம்பப் பயிற்சி கிடைத்திருக்கவில்லை. நிதியிலிருந்து மறு பயிற்சிக்கு வழியில்லை. இதை இந்த நிதியின் குறையாகவே நான் நினைக்கிறேன். சுங்கத்துறைகளின் கூட்டுப் பயிற்சிக்கு வேறொரு திட்டம் இருக்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தருவது அதில் எளிதில் நடப்பதில்லை.

இதற்கு நான் பார்த்த நல்ல வழி, கொள்முதல் ஒப்பந்தத்தின் ஆரம்பப் பயிற்சிக்குள்ளேயே ‘பயிற்சி தருபவர்களுக்கான பயிற்சி’யை எழுதிவிடுவது. கூடவே, பிடிபட்ட சரக்கின் படத்தையும் அதைத் திறந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஜோடியாகச் சேமிக்கும் வசதியை மென்பொருளில் கேட்பது. அந்தப் பெண் அதிகாரி இப்படிச் சேமித்து வைத்த ஜோடிகள்தான் பிறகு அந்த இளைஞருக்குப் பாடப் புத்தகமாயின.

அதே படத்தில் சில சமயம் மனிதர்களும் தெரிவார்கள். சரக்குக்கு நடுவே ஒளிந்து எல்லை கடக்கும் ஆட்கள். அதிக சக்தி பீமை ஓட்டும் முன்பு, லாரிக்குள் யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கரியமில வாயு அளக்கும் குழாய், இதயத் துடிப்பு உணரும் கருவி, மோப்ப நாய் என்று வழிகள் உண்டு. ஸ்கேனருக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் சின்னக் கருவிகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். விலை அற்பம். மருத்துவம் அல்லாத காரணத்துக்கு மனிதர்மேல் கதிர்வீச்சு படுவதற்கு ஐரோப்பாவில் கடுமையான சட்டம் இருக்கிறது, 2013-இன் யூராட்டம் (ஐரோப்பிய அணுசக்திச் சமூகம்) உத்தரவு. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான் அது.

எங்கே வைப்பது என்பதும் இப்போது முன்னைப் போல எளிதில்லை. பெலாரஸ் எல்லையில் குஸ்னிட்சா கடவை 2021 நவம்பரில் மூடப்பட்டது. போப்ரோவ்னிகி 2023 பிப்ரவரியில். இரண்டும் 2025 நவம்பரில்தான் மறுபடி திறந்தன. மூடியிருந்த காலத்தில் பெலாரஸ் பக்கச் சரக்கு லாரிகள் எல்லாம் குகுரிகி கடவை வழியாகக் கொரோஷ்ச்சின் முனையத்துக்குத் திரும்பின. பின்லாந்து 2023 இறுதியில் ரஷ்ய எல்லையின் சாலைக் கடவைகளை மூடியது. சிமெண்டில் பதித்த நிலையான ஸ்கேனரைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. பிரித்து மறுபடி பூட்டக்கூடிய வகை, படத் தரத்தில் ஓரளவு குறைவாக இருந்தாலும், கிழக்கு எல்லைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ரயிலுக்கு இது பொருந்தாது. பெலாரஸ் எல்லைக்கு அருகே இருக்கும் மவாஷெவிச்செ ரயில் முனையத்தில் 1520 மி.மீ. அகலப் பாதையிலிருந்து 1435 மி.மீ. பாதைக்குச் சரக்கு மாறுகிறது, ரயில் ஸ்கேனர் தண்டவாளம் இருக்கிற இடத்தில்தான் நிற்க முடியும்.

ஒவ்வொரு நாடும் நிதி கேட்கும்போது தன் கடவைகளை வகைப்படுத்தி, இருக்கும் கருவிகளையும் தேவையையும் எழுதித் தர வேண்டும். வாங்கிய பிறகு, 10,000 யூரோவுக்கு மேற்பட்ட கருவிகளுக்கு ஏற்புச் சோதனை முடிவு, இயக்கத் தரவு, பராமரிப்புச் சான்று, ஐந்து வருஷம் கழித்து அது அங்கேயே இருக்கிறதா என்பதன் விளக்கம் எல்லாம் போக வேண்டும். அந்த அறிக்கையை வருஷக் கடைசியில் உட்கார்ந்து தயாரிப்பவர்கள் படும் பாடு பார்த்திருக்கிறேன். ஸ்கேனர் மென்பொருளே தினசரி எண்ணிக்கையை, பீம் மணிநேரத்தை, நின்ற நேரத்தை, நின்ற காரணத்தை ஒரு சாதாரண அட்டவணையாகக் கொடுக்கும்படி குறிப்பில் ஒரே வரி சேர்த்தால் போதும். அதே அட்டவணைதான் அடுத்த விண்ணப்பத்துக்கு ஆதாரமும். தொலைவிலிருந்து பழுது பார்க்கும் இணைப்பு யாருடைய கட்டுப்பாட்டில், கடவுச்சொல் யாரிடம், படங்கள் எந்த நாட்டுக் கணினியில் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சட்டத்திலேயே கருவி இணையத் தாக்குதலைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது.

இந்த வேலைக்கு வர விரும்பும் பொறியாளர்கள் என்னிடம் கேட்பது சம்பளத்தைத்தான். அதை விடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோ பட்டமோ இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும், உயர் மின்னழுத்த அனுபவம் இருந்தால் நல்லது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கான உரிமம் வாங்க அந்தந்த நாட்டில் தேர்வு எழுத வேண்டும், போலந்தில் போலிஷ் மொழியில். அதனால் மொழியை முதல் வருஷத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். சாவடியில் இரவு ஷிப்டில் இருக்கும் அதிகாரி, எந்தச் சத்தம் வந்த பிறகு இயந்திரம் நின்றது என்று தன் மொழியில்தான் சொல்வார். அது புரிந்தால் பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.